சபாநாயகர் சர்வீஸ் எப்படி இருக்கு? அஞ்சுக்கு ரெண்டரை

முதல்லயே சொல்லிடுறேன், இது எந்த தனி ஆளுக்கும் மார்க் போடுற ரெவ்யூ இல்ல. அந்த நாற்காலிக்குத்தான் ரெவ்யூ. சட்டசபைல நடுவுல உயரமா இருக்கே, அந்த நாற்காலில இருந்து நமக்கு என்ன சர்வீஸ் வருது, காசு கொடுக்கறது நாமதான, கொடுத்த காசுக்கு வேலை நடக்குதான்னு பார்ப்போம். எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் படிச்சு முடிச்சதும் கண்டிப்பா கோவம் வரும், ஏன்னா ரெண்டு பக்கமும் இதுல மாட்டுது.

கிடைக்கிற விதம் நல்லாத்தான் இருக்கு. தேர்தல் முடிஞ்சதும் கவர்னர் ஒரு தற்காலிக சபாநாயகர நியமிப்பார், வழக்கமா சீனியர் எம்எல்ஏ ஒருத்தர், அவர் எல்லாருக்கும் பதவிப் பிரமாணம் செஞ்சு வைப்பார், அப்புறம் அரசியல் சட்டம் 178வது பிரிவுப்படி உறுப்பினர்களே தங்கள்ல ஒருத்தர சபாநாயகரா தேர்ந்தெடுப்பாங்க. பெரும்பாலும் போட்டி இருக்காது. ஆளுங்கட்சி தரப்புல ஒருத்தர், எதிர்க்கட்சி தரப்புல ஒருத்தர்னு ரெண்டு பக்கமும் நின்னு கூட்டிட்டுப் போய் நாற்காலில உட்கார வைப்பாங்க. அன்னைக்கு வாழ்த்துப் பேச்ச கேட்டுப் பாருங்க, "நடுநிலை", "தராசு முள்ளு", "எங்களுக்கும் நேரம் ஒதுக்கணும்"னு ஒரே பாசமழை. ஒரு மாசம் கழிச்சு அதே எதிர்க்கட்சி அதே நாற்காலி முன்னாடி நின்னு கோஷம் போட்டுட்டு இருக்கும்.

தினசரி சர்வீஸ்னு பார்த்தா நான் குறை சொல்ல மாட்டேன். காலைல சபை கூடினதும் ஒரு குறள், அதுக்குப் பொருள், அப்புறம் நேரா கேள்வி நேரம். 2022 ஜனவரில இருந்து கேள்வி நேரத்த நேரலைல காட்ட ஆரம்பிச்சாங்க, அதனால வீட்ல உட்கார்ந்தே பார்க்கலாம். எங்க ஊர் பாலம், உங்க ஊர் துணை மின் நிலையம், இன்னொருத்தர் ஊருக்கு கலைக் கல்லூரின்னு வரிசையா போகும், உண்மையச் சொன்னா சபைல உருப்படியா ஓடுறதுல முக்கால்வாசி இந்த நேரம்தான். இங்க சபாநாயகர் வேலை என்னன்னா துணைக்கேள்விய யாருக்குக் குடுக்கறது, யாரு பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சாலும் "கேள்விக்கு வாங்க"ன்னு இழுத்துட்டு வர்றது, மந்திரி சுத்தி வளைச்சா கொஞ்சம் அதட்டுறது. 2021ல சபாநாயகர் ஆன அப்பாவு முன்னாடி வாத்தியாரா இருந்தவர்ங்கறதாலயோ என்னவோ, அதுக்கு அப்புறம் நிறைய நாள் வகுப்பு நடக்குற மாதிரியே இருந்துச்சு, மந்திரி துரைமுருகன் ஒரு பக்கம் கிண்டல் பண்ண, சபையே சிரிச்சிட்டு இருக்கும். 2021 ஆகஸ்ட்ல காகிதமில்லா பட்ஜெட் வந்து ஒவ்வொரு சீட்லயும் கம்ப்யூட்டர் வெச்சாங்க, அதுவும் நல்ல மாற்றம்தான். (அந்த பட்ஜெட்ட வாசிச்ச பிடிஆர் பழனிவேல் தியாகராஜனோட அப்பா பி.டி.ஆர். பழனிவேல்ராஜன் 1996ல இருந்து 2001 வரைக்கும் சபாநாயகர்.)

இன்னொரு வேலை பல பேருக்கு சமீபத்துலதான் தெரிய வந்துச்சு, கவர்னர் உரையோட தமிழாக்கத்த சபாநாயகர்தான் வாசிப்பார். வழக்கமா யாரும் கவனிக்காத சடங்கு. 2024 பிப்ரவரில கவர்னர் ரவி சில நிமிஷத்துலயே தன் பேச்ச முடிச்சுக்கவும் முழு உரையும் அப்பாவு வாயாலதான் சபைக்குள்ள போச்சு. 2025 ஜனவரில கவர்னர் வாசிக்காமயே கிளம்பிட்டார், அப்பவும் அதே கதை. சடங்குன்னு நினைச்ச விஷயம் திடீர்னு ஸ்டெப்னி டயர் மாதிரி உதவிச்சு, அதுக்கு அரை ஸ்டார் தாராளமா குடுக்கலாம்.

இனிமேதான் பிரச்சனை.

மைக், அவைக்குறிப்பு, அவைக்காவலர். இந்த மூணும் அவர் கைல. மைக் யாருக்கு ஆன் ஆகுது, யார் பேசினது அவைக்குறிப்புல இருந்து நீக்கம், யாரக் குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போறது. ஜனங்க சபாநாயகர் அதிகாரம்னாலே இதத்தான் நினைக்கிறாங்க, பி.எச்.பாண்டியன் சபாநாயகரா இருந்த காலத்துல பிரபலமான "வானளாவிய அதிகாரம்"ங்கற வார்த்தை வேற இன்னமும் எல்லார் வாய்லயும் இருக்கு. 1987ல ஆனந்த விகடன் அட்டைல வந்த ஒரு ஜோக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு 3 மாச கடுங்காவல்னு சபை தண்டனை குடுத்துச்சு, ஊரே கொந்தளிச்சதால சில நாள்லயே விட்டுட்டாங்க, அவரு விடாம கோர்ட்டுக்குப் போய் பிற்பாடு 1000 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். 1988 ஜனவரில ஜானகி அம்மா நம்பிக்கை ஓட்டெடுப்பப்போ சபைக்குள்ளயே போலீஸ் வந்து தடியடி. 2017 பிப்ரவரி 18, எடப்பாடி நம்பிக்கை ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு கேட்டு திமுக ரகளை, சபாநாயகர் தனபால் நாற்காலிலயே போய் உட்கார்ந்தாங்க, அப்புறம் அவங்கள வெளியேத்திட்டு 122க்கு 11னு முடிச்சாங்க. நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு வருத்தப்படாதீங்க, 2015 மார்ச்ல கேரளால பட்ஜெட் அன்னைக்கு சபாநாயகர் நாற்காலியவே மேடைல இருந்து தூக்கிப் போட்டாங்க.

ஆனா என்னைக் கேட்டா இதெல்லாம் வெளிச்சத்துல நடக்குற விஷயம். டிவில வரும், மறுநாள் பேப்பர்ல படத்தோட வரும், ஜனங்க பார்த்து முடிவு பண்ணிக்குவாங்க. அவைக்குறிப்புல இருந்து நீக்குறதெல்லாம் இப்ப பாதி செல்லாக்காசு ஆகிப்போச்சு, நேரலைல போனது அதுக்குள்ள பத்து க்ரூப்ல சுத்தி முடிஞ்சிருக்கும். நிஜமான பவர் எங்க இருக்குன்னா, ஒண்ணுமே பண்ணாம இருக்கறதுல. கோப்ப மேசைல வெச்சுட்டு சும்மா இருக்கறதுல.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985ல வந்துச்சு, அரசியல் சட்டத்தோட பத்தாவது அட்டவணை. யாரு கட்சி மாறினாங்க, யாரு கொறடா உத்தரவ (இப்படித்தான் ஓட்டுப் போடணும்னு கட்சி போடுற உத்தரவு) மீறினாங்க, எம்எல்ஏ பதவி போகுமா போகாதாங்கறத சபாநாயகர்தான் முடிவு பண்ணணும். எத்தன நாளுக்குள்ளன்னு அந்தச் சட்டத்துல ஒரு வரி கூட இல்ல. இந்த ஒரு ஓட்டையாலதான் நான் ரெண்டரைல நிக்கிறேன்.

நம்ம ஊர் உதாரணமே போதும், ஒரே சபை, ஒரே சபாநாயகர், ஒரே வருஷம். 2017 பிப்ரவரில அதிமுகலயே ஓபிஎஸ் அணி 11 பேர் அரசுக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்க. ஆகஸ்ட்ல அதே அதிமுகல தினகரன் பக்கம் இருந்தவங்க கவர்னரப் பார்த்து முதல்வர் மேல நம்பிக்கை இல்லன்னு லெட்டர் குடுத்தாங்க, சபைல ஓட்டு கூட போடல. லெட்டர் குடுத்தவங்கள்ல 18 பேருக்கு செப்டம்பர் 18ஆம் தேதி தகுதி நீக்கம், ஒரு மாசம் கூட ஆகல. ஓட்டே போட்ட 11 பேர் கேஸ் என்னாச்சு? அதுக்குள்ள ரெண்டு அணியும் ஒண்ணா சேர்ந்துடுச்சு, ஓபிஎஸ் துணை முதல்வர் ஆயிட்டார், கோப்பு அப்படியே கிடந்துச்சு, 2020 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்ல வழக்கு வர்றப்பவும் முடிவு வரல. மூணு வருஷம்ங்க. 18 பேர் வழக்குல ஹைகோர்ட் பெஞ்ச்ல ரெண்டு நீதிபதிங்க ரெண்டு விதமா சொல்லி, மூணாவது நீதிபதிகிட்ட போய், 2018 அக்டோபர்ல தகுதி நீக்கம் செல்லும்னு வந்துச்சு, சரி, சட்டப்படி அது செல்லட்டும். ஆனா அந்த 18 தொகுதிக்காரங்க 2019 ஏப்ரல், மே இடைத்தேர்தல் வரைக்கும் எம்எல்ஏ இல்லாம இருந்தாங்க. அவங்க ஊர் பாலத்துக்கு யாரு துணைக்கேள்வி கேட்பாங்க? முடிவு சரியா தப்பாங்கறத கூட விடுங்க, ஒண்ணு எக்ஸ்பிரஸ் இன்னொண்ணு நிரந்தர பெண்டிங், இதுக்கு எந்த விளக்கமும் குடுக்க வேண்டியதில்லங்கறதுதான் என் பிரச்சனை.

திமுககாரங்க இப்ப தலையாட்டுறது தெரியுது, கொஞ்சம் இருங்க, இது கட்சி வியாதி இல்ல, நாற்காலி வியாதி. மணிப்பூர்ல காங்கிரஸ்ல ஜெயிச்சவர் 2017ல பாஜக அரசுல மந்திரி ஆனார், அவர தகுதி நீக்கம் பண்ணச் சொன்ன மனு மேல முடிவே வராம இழுத்து 2020 ஜனவரில சுப்ரீம் கோர்ட் "சாதாரணமா மூணு மாசத்துக்குள்ள முடிவு பண்ணணும்"னு சொல்ல வேண்டியதாச்சு, அதுக்கப்புறமும் நடக்காததால அந்த மந்திரி சபைக்குள்ள நுழையவே கோர்ட் தடை போட்டுச்சு. தெலுங்கானால காங்கிரஸ் ஆட்சி, பிஆர்எஸ்ல இருந்து தாவினதா சொல்ற பத்து எம்எல்ஏ, அங்கயும் 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் மூணு மாச கெடு. மகாராஷ்டிரால இன்னும் அழகு, சபாநாயகர் நானா படோலே 2021 பிப்ரவரில ராஜினாமா பண்ணினதுக்கு அப்புறம் 2022 ஜூலை வரைக்கும் சபாநாயகரே கிடையாது, துணை சபாநாயகர வெச்சே ஓட்டினாங்க, சிவசேனா உடைஞ்சதே அந்த சமயத்துலதான். அப்புறம் வந்தவர் 2024 ஜனவரில தீர்ப்பு சொன்னார், யாருக்கும் தகுதி நீக்கம் இல்லன்னு.

சரி பிடிக்கலன்னா ரிட்டர்ன் பண்ணலாமா, அதாவது சபாநாயகர நீக்கலாமான்னா, பாலிசி இருக்கு, பேப்பர்ல. 14 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அப்ப இருக்கற மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல ஆதரவு வேணும், நம்ம 234 பேர் சபை முழுசா நிரம்பி இருந்தா 118 பேர். தீர்மானம் எடுக்கறப்ப அவர் நாற்காலில இருந்து இறங்கிடணும், துணை சபாநாயகர் நடத்துவார். 2017 மார்ச்ல தனபால் மேல திமுக கொண்டு வந்துச்சு, 97க்கு 122ன்னு தோல்வி. 2025 மார்ச்ல அப்பாவு மேல அதிமுக கொண்டு வந்துச்சு, 63க்கு 154ன்னு தோல்வி. ரெண்டு தடவையும் புகார் வாசகத்த கட்சிப் பேர மாத்திட்டு அப்படியே யூஸ் பண்ணிக்கலாம் போல இருந்துச்சு, பேச விடல, ஆளுங்கட்சிக்கு சாதகம்னு. நம்ம ஊர்ல இந்த ரிட்டர்ன் வேலை செஞ்சது மதியழகன் விஷயத்துல, 1972 கடைசில. எம்ஜிஆர் திமுகல இருந்து பிரிஞ்சு போன நேரம், சபாநாயகரா இருந்த அவர் ஆளுங்கட்சியான திமுகவோட மோதினார், ஒரே சபைல சபாநாயகர் ஒரு பக்கம், துணை சபாநாயகர் சீனிவாசன் இன்னொரு பக்கம்னு ரெண்டு பேர் ஒரே நேரத்துல சபை நடத்தின கூத்தும் நடந்துச்சு, கடைசில அவர நீக்கிட்டாங்க. கவனிச்சீங்களா, ஆளுங்கட்சிக்கு ஒத்துவராதப்பதான் ரிட்டர்ன் செல்லுபடி ஆகுது. எதிர்க்கட்சிக்கு நம்பர் எங்க இருந்து வரும்?

இதுக்கெல்லாம் காரணம் ஆளோட குணம் மட்டும்னு நான் நினைக்கல. அஞ்சு வருஷம் முடிஞ்சா அவரும் கட்சி ஆபீஸ் வாசல்ல சீட்டுக்கு நிக்கணும். பிரிட்டன்ல சபாநாயகர் ஆனதும் கட்சிய விட்டுடுவார், அடுத்த தேர்தல்ல பெரிய கட்சிங்க வழக்கமா அவர எதிர்த்து நிக்காது. இங்க நீலம் சஞ்சீவ ரெட்டி 1967ல மக்களவை சபாநாயகர் ஆனதும் காங்கிரஸ விட்டு விலகினார், நல்ல உதாரணம்தான், யாரும் பின்னாடி போகல. நம்ம ஊர்ல சபாநாயகரா இருந்துட்டு அப்புறம் மந்திரி ஆனவங்களும் உண்டு, சேடப்பட்டி முத்தையா மத்திய மந்திரி, ஜெயக்குமார் மாநில மந்திரி. அது தப்புன்னு சொல்லல. ஆனா அடுத்த வேலை யார் கைல இருக்கோ அவங்க மேலயே தீர்ப்பு எழுதச் சொன்னா பேனா கொஞ்சம் தயங்கத்தான செய்யும். 1992ல சுப்ரீம் கோர்ட்ல இந்தச் சட்டம் செல்லுமான்னு வந்தப்ப மூணு நீதிபதிங்க செல்லும்னாங்க, சபாநாயகர் முடிவ கோர்ட் பரிசீலிக்கலாம்னும் சொன்னாங்க, ரெண்டு பேர் மட்டும் பெரும்பான்மைய நம்பி பதவில இருக்கறவர்கிட்ட இந்த அதிகாரத்த குடுக்கறதே சரியில்லன்னு எழுதினாங்க. எனக்கு அந்த ரெண்டு பேர் பக்கம்தான் தோணுது. மணிப்பூர் தீர்ப்புலயும் கோர்ட் இதயே இன்னொரு விதமா சொல்லுச்சு, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமைல ஒரு நிரந்தர தீர்ப்பாயத்துகிட்ட குடுக்கறத பத்தி நாடாளுமன்றம் யோசிக்கணும்னு. யோசிச்சிட்டே இருக்காங்க.

துணை சபாநாயகர் பத்தி தனியா எழுத ஒண்ணுமில்ல, மதிய நேரம் மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கக் கேக்கறது) விவாதத்துல பார்க்கலாம். காஸ்டிங் வோட்டுன்னு ஒரு அயிட்டம் இருக்கு, ரெண்டு பக்கமும் சமமா இருந்தா மட்டும் சபாநாயகர் ஓட்டுப் போடலாம், கேரளால 1982ல ஏ.சி.ஜோஸ் அத வெச்சே கருணாகரன் ஆட்சிய கொஞ்ச நாள் தாங்கிப் பிடிச்சார். நம்ம ஊர் மெஜாரிட்டிக்கு அதெல்லாம் ஷோகேஸ் பொருள்.

தீர்ப்பாயம் வர்றப்ப வரட்டும், அதுக்கு அரசியல் சட்டத்தையே திருத்தணும், லேசுல நடக்காது. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன அப்டேட் கேக்கறேன். தகுதி நீக்க மனு ஒவ்வொண்ணுக்கும் வந்த தேதி, நோட்டீஸ் போன தேதி, விசாரணை நடந்த தேதி, முடிவு சொன்ன தேதின்னு நாலு கட்டம் போட்ட ஒரு அட்டவணைய பேரவை இணையதளத்துல எல்லாரும் பார்க்கற மாதிரி வெச்சா போதும். ஒரு வரிசைல நாலும் ஒரே மாசத்துல நிரம்பி, பக்கத்து வரிசைல கடைசி கட்டம் மூணு வருஷமா காலியா கிடந்தா அதுக்கு மேல எந்த எதிர்க்கட்சியும் மைக் பிடிச்சு கத்த வேண்டியதில்ல. இதுக்கு சட்டத் திருத்தம் எதுவும் வேணாம், சபாநாயகர் நினைச்சா அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னாடியே போட்டுடலாம், வானளாவிய அதிகாரம்தான் கைல இருக்கே.