எலைசா கார்தியின் ‘ரெட் ரைஸ்’: இரண்டு தகட்டில் எதை முதலில் கேட்பது?

‘ரெட் ரைஸ்’ ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடகியும் பிடில்காரருமான எலைசா கார்தியின் இரட்டைக் குறுந்தகடு. 1998-இல் டாபிக் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. ஒன்று ‘ரெட்’, மற்றது ‘ரைஸ்’. பெயர் வரிசைப்படி கை ‘ரெட்’டைத்தான் முதலில் எடுக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு ‘ரைஸ்’ஸிலிருந்து தொடங்குங்கள். அவருடைய பிடிலும் குரலும் மறைப்பில்லாமல் கிடைப்பது அதில்தான். அந்த வில் எப்படிப் பேசுகிறது என்று காது பழகிய பிறகு ‘ரெட்’டுக்குப் போனால், டிரம்ஸும் பேஸ் கிதாரும் எதன்மேல் ஏறி நிற்கின்றன என்பது புரியும். முதலில் ‘ரெட்’டைக் கேட்டால் 1990-களின் நடன அரங்கத் தாளம் மட்டும்தான் காதில் நிற்கும்.

எலைசா 1975-இல் யார்க்‌ஷயரின் ஸ்கார்பரோவில் பிறந்தவர். அம்மா நார்மா வாட்டர்சன், ஹல் நகரத்து ‘த வாட்டர்சன்ஸ்’ குழுவின் பாடகி. அப்பா மார்ட்டின் கார்தி, ஆங்கிலேய நாட்டுப்புறப் பாட்டுக்குக் கிதார் வாசிப்பதில் தனக்கென ஒரு பாணியை உண்டாக்கியவர். பதின்மூன்று வயதில் அம்மாவோடும் சித்தியோடும் மேடையேறி, பிறகு பிடில்காரர் நான்சி கெர்ருடன் இணைந்து வாசித்து, 1996-இல் ‘ஹீட் லைட் அண்ட் சவுண்ட்’ என்ற முதல் தனித் தொகுப்பைத் தந்தவர். ‘ரெட் ரைஸ்’ வந்தபோது அவருக்கு 22 வயது. ஆண்டின் சிறந்த தொகுப்புக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்க்குரி பரிசின் அந்த ஆண்டுப் பட்டியலில் அது இடம்பெற்றது. சாயம் பூசிய தலைமுடியையும் மூக்கு வளையத்தையும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவருடைய வில்லைப் பற்றி எழுதப்படவில்லை. அது பெரிய குறை, ஏனென்றால் சொல்ல வேண்டியது எல்லாம் வில்லில்தான் இருக்கிறது.

நம் காதுக்குப் பழகிய பிடில் இடது கையால் பேசும். கமகம், ஜாரு எல்லாம் தந்திமேல் விரல் வழுக்குவதில் பிறக்கின்றன. ஆங்கிலேய நாட்டுப்புறப் பிடிலில் அந்த வேலையை வலது கை செய்கிறது. ஒரு சுரத்தை அழுத்தித் தொடங்கி உடனே வில்லைத் தளர்த்துவது, பக்கத்துத் தந்தியை விரல் வைக்காமல் கூடவே ஒலிக்க விடுவது, இரண்டு சுரத்தை ஒரே இழுப்பில் கோத்து மூன்றாவதைத் தனியாக வெட்டுவது ஆகியவைதான் அதன் அலங்காரங்கள். சுரத்தை அசைக்கும் வைப்ராட்டோ மிகக் குறைவு. ஆடுகிறவர்களின் காலுக்காக உண்டான இசை இது. வில் எங்கே அழுந்துகிறதோ அங்கே கால் தரையில் விழ வேண்டும்.

இதைக் கேட்க ‘ரைஸ்’ஸில் ‘பிக்கிங் அப் ஸ்டிக்ஸ்’ என்று தொடங்கும் மெட்டுக்கோவையை எடுங்கள். அதில் வரும் ‘தி ஓல்ட் மோல்’ 1651-இல் ஜான் பிளேஃபோர்ட் லண்டனில் அச்சிட்ட நடன நூலில் இருக்கும் மெட்டு. அதே கோவையில் வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தைச் சேர்ந்த பேக்பைப் மெட்டான ‘ஃபெல்டன் லானின்’னும் வருகிறது. இத்தகைய மெட்டுகள் பெரும்பாலும் இரண்டு பகுதி கொண்டவை. எட்டு அளவு (தாளக் கட்டம்) கொண்ட முதல் பகுதி இரண்டு முறை, எட்டு அளவு கொண்ட அடுத்தது இரண்டு முறை என 32 அளவில் ஒரு சுற்று முடியும். சுற்று திரும்பும்போதெல்லாம் எந்தச் சுரத்தில் வில்லின் அழுத்தம் இடம் மாறுகிறது என்று கவனியுங்கள். மெட்டு மாறுவதில்லை, அழுத்தம் மாறுகிறது. நம் பாட்டில் ஒரே வரியை மாற்றி மாற்றிச் சங்கதி போடும் இடம் இங்கே அதுதான்.

பாட்டுகளில் ‘த ஸ்நோ இட் மெல்ட்ஸ் த சூனஸ்ட்’ தனித்து நிற்கிறது. ‘ஹெரிங் சாங்’ ஒரு மீனின் உறுப்பு ஒவ்வொன்றையும் வேறொரு பொருளாக்கிக் கொண்டே போகும் வேடிக்கைப் பாட்டு. ‘பெஞ்சமின் போமனியர்’ இன்னும் விசித்திரமானது. ஒரு தையல்காரன் துணி வெட்டும் பலகையைக் குதிரையாக்குகிறான், கத்தரிக்கோலைக் கடிவாளமாக்குகிறான், ஊசியை ஈட்டியாக்கி ஒரு தெள்ளுப்பூச்சியைக் குத்திக் கொல்கிறான், விரலுறையை அதன் சாவு மணியாக்குகிறான். எலைசா இதைச் சிரிப்புக் காட்டாமல், போர்ச் செய்தி சொல்வதுபோலப் பாடுகிறார். அதனால்தான் பாட்டு நிற்கிறது. அவர் குரல் கீழ் ஸ்தாயியில் கனமானது. யார்க்‌ஷயர் உச்சரிப்பை மழுப்புவதில்லை. கதையைச் சொல்வார், நடித்துக் காட்ட மாட்டார்.

பாடிக்கொண்டே பிடில் வாசிப்பது கடினம். பிடிலை முகவாயில் இறுக்கினால் தாடை அசையாது, சொல் மழுங்கும். ஆகவே பாடும் பிடில்காரர்கள் பலர் பாட்டு வரும்போது அதை மார்புப் பக்கமாகத் தாழ்த்திப் பிடிக்கிறார்கள். தாழ்த்தியதும் பாரம் இடது கைக்கு வந்துவிடும், கை மேலே நகர முடியாது. எனவே முதல் நிலையில், அதாவது கையை நகர்த்தாமல், வாசிக்கக்கூடிய டி, ஜி, ஏ ஸ்ருதிகளையே தேர்ந்தெடுப்பார்கள். (உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றும் நம் முறை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த கருவியை நாம் பிடித்த விதம் பாடகருக்கு எவ்வளவு உதவி!) அடுத்த தவறு, பாடும் மெட்டையே பிடிலிலும் கூடவே வாசிப்பது. குரலும் தந்தியும் ஒன்றையொன்று மறைத்துவிடும். வரி ஓடும்போது ஆதார சுரத்தை நீள இழுப்பில் பிடித்து, வரி முடிந்து மூச்செடுக்கும் இடத்தில் மட்டும் மெட்டை வாசிப்பது நல்ல வழி. வில் திரும்பும் இடமும் மூச்சு வாங்கும் இடமும் சேர்ந்து வந்தால் பாட்டு தடுக்காது.

இனி ‘ரெட்’. ‘டென் தௌசண்ட் மைல்ஸ்’ என்ற பிரிவுப் பாட்டு, ‘பில்லி பாய்’, பிளேஃபோர்ட் நூலில் உள்ள ‘ஸ்டிங்கோ’, இவற்றோடு புதிதாக எழுதிய பாட்டுகளும் இதில் உண்டு. பார்னபி ஸ்ட்ராட்லிங்கின் பேஸ் இதன் முதுகெலும்பு. ‘ஸ்டிங்கோ’வில் பிடில் முன்னே இழுக்க, தாளம் பின்னால் துரத்துகிறது. 1651-இல் அச்சான மெட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இந்தச் சேர்க்கை பலிக்கவில்லை. சில இடங்களில் டிரம் அண்ட் பேஸ் என்ற அன்றைய வேகமான மின்னணு நடன இசை நாகரிகம் இப்போது பழைய உடுப்புபோலத் தெரிகிறது. அங்கெல்லாம் தாளம் பிடிலின் அழுத்தத்தோடு பேசாமல் அதன்மேல் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. ஆங்கிலப் பழம்பாட்டு அருங்காட்சியகப் பொருள் அல்ல என்று அடித்துச் சொன்ன தொகுப்பு என்ற வகையில் ‘ரெட்’ தேவைதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்க ‘ரைஸ்’.

கேட்கும்போது இரண்டு செட்டிங்கைப் பாருங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளையும், ஒன்றை மற்றதில் கரைக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். மெட்டுக்கோவைகளின் தொடக்கமும் முடிவும் அதில் சிதைந்துபோகும். பேஸைக் கூட்டி வைத்த ஹெட்போனில் ‘ரெட்’ கேட்டால் பிடிலின் நடு ஸ்தாயி அமுங்கிவிடும். கூட்டியதைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

கர்நாடகப் பிடில் கற்றவர்கள் இதைக் கேட்டு வாசிக்க முயன்றால் முதல் தடை ஸ்ருதி கூட்டலில் வரும். நம் நான்கு தந்தி ச-ப-ச-ப. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே நான்கு சுர இடைவெளி, மற்றவற்றுக்கு ஐந்து. ஆங்கிலேயர் ஜி, டி, ஏ, ஈ என்று எல்லாவற்றுக்கும் ஐந்து சுர இடைவெளி வைக்கிறார்கள். நம் கூட்டலிலேயே வாசித்தால் நடுத் தந்தி மாறும் இடத்தில் விரல் தவறும். மேல் தந்தியை நம் ஸ்ருதியிலிருந்து ஒரேயடியாக ஈ வரை முறுக்கினால் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. மெல்ல ஏற்றுங்கள், அல்லது புதுத் தந்தி போடுங்கள். பிறகு கமகத்தை விட்டு, வில்லை மட்டும் பழகுங்கள்.

பின்னாளில் ‘ரெட்’டும் ‘ரைஸ்’ஸும் தனித்தனியாகவும் விற்கப்பட்டன. ஆகவே பழைய பிரதி வாங்கும்போது உறைக்குள் இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ‘ரைஸ்’. அதற்கு அடுத்து 2002-இல் வந்த ‘ஆங்கிலிகானா’வை எடுங்கள். இரட்டைத் தகட்டில் பிரித்து வைத்ததை அதில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். 2003-இல் பிபிசி ரேடியோ 2 நாட்டுப்புற இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடகர், சிறந்த தொகுப்பு, சிறந்த மரபுப் பாட்டு மூன்றையும் அது பெற்றுத் தந்தது. குரலுக்குப் பிடில் எப்படித் துணை போகிறது என்பதை மட்டும் படிக்க வேண்டுமென்றால், அப்பாவும் மகளும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ‘த மாரல் ஆஃப் த எலிஃபண்ட்’ போதும். இரண்டு குரலும் ஒரு கிதாரும் ஒரு பிடிலும்தான் அதன் அடிப்படை. வில் திரும்பும் இடமெல்லாம் காதில் விழும்.