மாத்தேயா, குவாயூசாவா, யோப்பானா?

மூலிகை டீ என்றால் காஃபின் இருக்காது என்றுதான் பலரும் நினைக்கிறோம். துளசி, செம்பருத்தி, சுக்கு எதிலும் இல்லைதான். ஆனால் தேயிலைச் செடிக்கு எந்த உறவும் இல்லாத ஐலெக்ஸ் என்ற பேரினத்தில் காஃபின் உள்ள மூன்று இலைகள் உண்டு. தென் அமெரிக்காவின் தெற்கே யெர்பா மாத்தே, மேல் அமேசான் காட்டில் குவாயூசா, வட அமெரிக்காவின் தென்கிழக்கில் யோப்பான். ஐரோப்பியர் கால் வைப்பதற்கு முன்பே அந்தந்த மண்ணின் மக்கள் குடித்துவந்தவை. இன்று ஆன்லைனில் மூன்றுக்கும் ஒரே விளம்பரம்: ‘படபடப்பு இல்லாத சுறுசுறுப்பு’. மாத்தேயில் இருப்பது காஃபினே இல்லை, ‘மாத்தீன்’ என்று ஒரு கதைகூட உலவுகிறது. அதெல்லாம் காஃபின்தான். கூடவே கொஞ்சம் தியோபுரோமின், அவ்வளவே. பொதுவாகக் குவாயூசாவில் காஃபின் கூடுதல், யோப்பானில் குறைவு, மாத்தே நடுவில். இலை விளைந்த இடத்தையும் போடுகிற அளவையும் பொறுத்து இந்த வரிசையும் மாறும். அதனால் காஃபினை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. இலையை என்ன பாடு படுத்துகிறார்கள், எப்போது, யாரோடு குடிக்கிறார்கள் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

முதலில் நெருப்பு. மாத்தே இலையைக் கிளையோடு வெட்டி, வாடுவதற்குள் தீயில் சில விநாடிகள் வாட்டுவார்கள். இலை கறுக்காமல் பச்சையாகவே நிற்பது இதனால்தான். அப்புறம் மணிக்கணக்கில் அனலில் உலர்த்தல். பழைய முறையில் இது விறகு நெருப்பு என்பதால் புகை மணம் இலையிலேயே தங்கிவிடும். பிறகு கொரகொரப்பாக நொறுக்கி, அர்ஜென்டினாவில் ஓராண்டு, சிலர் இரண்டாண்டு வரைகூடக் கிடங்கில் பழுக்க விடுகிறார்கள். தெற்குப் பிரேசில்காரர்களுக்கு அந்தப் பொறுமை வேண்டாம். புத்தம் புதிதாக, கிளிப்பச்சை மாவாகவே குடிக்கிறார்கள். மாத்தே வாங்குபவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழுத்தது என்றால் மரமும் புகையுமான கசப்பு. பச்சை மாவு என்றால் புல் மணம், குழல் அடைத்துக்கொள்ளும் தொல்லை.

யோப்பானை அந்தக் காலத்தில் வாட்டுவதில்லை, வறுப்பார்கள். மண் சட்டியில் இலை பழுப்பேறும்வரை வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கருப்பாக வரும்வரை கொதிக்க விடுவது அங்கிருந்த பழங்குடிகளின் முறை. குவாயூசாவுக்கு இவ்வளவு வேலை இல்லை. பறித்த இலைகளைக் கோத்து வளையமாகக் கட்டி, வீட்டுக்குள் தொங்கவிட்டு உலர்த்தி, வேண்டும்போது பானையில் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள்.

கொதிக்கவைப்பதில்தான் மாத்தே மற்ற இரண்டிடமிருந்தும் விலகுகிறது. குவாயூசாவிலும் யோப்பானிலும் துவர்ப்புச் சத்து குறைவு. கால் மணி நேரம் அடுப்பில் மறந்துவிட்டாலும் டீத்தூளைப் போலக் கைத்துப்போகாது. மாத்தேக்குக் கொதிநீர் ஆகவே ஆகாது; 70 முதல் 80 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சுரைக்குடுக்கையில் முக்கால் பங்கு இலையைப் போட்டு, வாயைக் கையால் மூடிக் குலுக்கி, இலை ஒரு பக்கம் சரிவாக நிற்கும்படி சாய்க்க வேண்டும். பள்ளத்தில் முதலில் ஆறிய தண்ணீரை விட்டு ஊறவைத்து, அடியில் சல்லடை உள்ள பொம்பிஷா என்ற உலோகக் குழலை அங்கே செருக வேண்டும். அதன்பிறகுதான் சுடுநீர், அதுவும் குழலின் ஓரமாக. குழலைப் பிடித்துக் கலக்கினால் சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். மேட்டுப் பக்கம் நனையாமல் இருந்தால் அதே இலையில் பத்து, பதினைந்து முறைகூடத் தண்ணீர் விடலாம்.

நீர் விட்டுக் கொடுப்பது ஒரே ஒருவரின் பொறுப்பு. முதல் குடுக்கை கசப்பு அதிகம் என்பதால் அதை அவரே குடித்துவிடுவார். பிறகு ஒவ்வொருவருக்காக நிரப்பித் தருவார்; முழுதும் உறிஞ்சிவிட்டு அவரிடமே திருப்பித் தர வேண்டும். நன்றி சொன்னால் ‘எனக்குப் போதும்’ என்று பொருள், அடுத்த சுற்றில் உங்களுக்குக் கிடையாது. எச்சில் பார்க்கிற நமக்கு ஒரே குழல் கொஞ்சம் சங்கடம்தான். சிரியாவிலும் மாத்தே மோகம் உண்டு. தென் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த பழக்கம். அங்கே பெரும்பாலும் ஆளுக்கொரு சின்ன கண்ணாடி டம்ளர், தாராளமாகச் சர்க்கரை.

பராகுவேயின் தெரெரே இதே இலைதான், ஆனால் சுடுநீர் கிடையாது. மாட்டுக்கொம்புக் குவளையில் ஐஸ் தண்ணீர், அதில் இடித்துப் போட்ட மூலிகைகள். எந்த உடம்புக்கு எந்த மூலிகை என்ற குவரானி மக்களின் அறிவு இதோடு ஒட்டியே வருகிறது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அந்த அறிவையும் சேர்த்துத்தான். மாத்தே வகைகளில் நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தமானது இது என்பேன். புதினா, எலுமிச்சைப்புல் இருந்தால் போதும்.

மாத்தே மட்டும் உலகச் சந்தையில் முந்தியதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. குவரானி மக்கள் காட்டில் பறித்ததை 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் தங்கள் குடியிருப்புகளில் தோட்டப் பயிராக்கினார்கள். 1767இல் ஸ்பானிய அரசர் அவர்களை வெளியேற்றியதும் தோட்டங்கள் பாழாயின. பிரெஞ்சுத் தாவரவியலாளர் பொன்பிளான் பராகுவே எல்லையோரத்தில் மறுபடி பயிரிட முயன்றபோது, 1821இல் பராகுவேயின் சர்வாதிகாரி பிரான்சியா அவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல ஆண்டுகள் வெளியே விடவில்லை. இலைக்கு அவ்வளவு மதிப்பு.

யோப்பானுக்கு நேர்ந்ததோ தலைகீழ். மிசிசிப்பிக் கரையில் இருந்த பழைய நகரம் கஹோக்கியா. இந்தச் செடி வளரும் பகுதியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி உள்ள இடம். அங்கே கிடைத்த மண் குவளைகளில் ஐலெக்ஸ் பானத்தின் எச்சம் இருப்பதை 2012இல் ஆய்வாளர்கள் கண்டார்கள்; காலம் கி.பி. 1050 முதல் 1250 வரை. அந்தக் காலத்திலேயே அவ்வளவு தூரம் வணிகம் நடந்திருக்கிறது. தென்கிழக்குப் பழங்குடிகள் சபை கூடும் முன் இதைச் சங்குக் குவளையில் குடித்தார்கள். சில சடங்குகளில் குடித்துவிட்டு வாந்தி எடுப்பதும் உண்டு. அதைக் கேள்விப்பட்ட ஐரோப்பியர் இலைதான் காரணம் என்று முடிவுகட்ட, 1789இல் வாந்தியைக் குறிக்கும் அறிவியல் பெயரே செடிக்கு நிலைத்துவிட்டது. இலையில் வாந்தி வரவழைக்கும் பொருள் எதுவும் இல்லை. அந்தப் பெயரோடு எவர் விற்பார்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் காப்பி வராதபோது தென் மாநிலத்தார் இதைக் குடித்தார்கள், போர் முடிந்ததும் விட்டுவிட்டார்கள். பிறகு வேலிச் செடியாகவே நின்றது. இப்போதுதான் டெக்சாஸிலும் புளோரிடாவிலும் மறுபடி இலை பறிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குவாயூசாவைக் குடித்துவிட்டு வாந்தி எடுக்கிற பழக்கம் அமேசான் பழங்குடியான அச்சுவார் ஆண்களிடமும் உண்டு. விடியுமுன் நிறையக் குடித்து, காஃபின் அளவுமீறி ஏறாமல் இருக்க வெளியேற்றிவிடுவார்கள். பெயர் கெட்டது என்னவோ யோப்பானுக்கு மட்டும். எக்வடோரின் நாப்போ பகுதியில் கிச்வா பழங்குடிக் குடும்பங்கள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குவாயூசா குடிக்கின்றன. இரவில் கண்ட கனவுக்குப் பெரியவர்கள் பலன் சொல்வார்கள், பகல் வேலை அப்போதே முடிவாகும். குடிக்கும் ஓடு, நம்மிடம் திருவோட்டு மரம் என்று பெயர் பெற்ற அதே மரத்தின் காயிலிருந்து வருவது.

வீட்டில் போட்டுக் குடிக்க என் முதல் தேர்வு குவாயூசா. பாத்திரமும் இலையும் போதும், சர்க்கரை கேட்காத மெல்லிய இனிப்பு, கைதவறினாலும் கெடாது. கிரீன் டீ பிடித்தவர்களுக்கு வறுக்காத யோப்பான், காப்பிப் பக்கம் சாய்பவர்களுக்கு வறுத்தது. ஆனால் அமெரிக்காவில் இருப்பவர்கள் தோட்டத்துச் செடியிலிருந்து தாங்களே பறிப்பதானால் சிவப்புப் பழங்களைத் தொடக்கூடாது. அவை வயிற்றைப் புரட்டும். மாத்தேயைத் தனியாக வாங்கி, டீப்பையாக்கி, கப்பில் முக்கிக் குடிப்பது எனக்குப் பிடிபடவில்லை. கூடிக் குடிக்க நாலு பேர் இருந்தால் வாங்கலாம். அப்போதும் ஊற்றியதை உடனே உறிஞ்சாமல் நன்றாக ஆறவிடுங்கள்: 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. தெரெரே குடிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. புகை மணம் பிடிக்காதவர்கள் புகையில்லாமல் உலர்த்தியது என்று பொதியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.