கிட் பைசெக்ட்: நான்கு வருடம் பழகிய பிறகு

"போன வாரம் ஓடிச்சு, இன்னிக்கு ஓடலை. யாராவது பாருங்களேன்." நானும் இப்படித்தான் உதவி கேட்டுக்கொண்டிருந்தேன். பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் வெட்டி ஒட்டுவேன். "நடுவில் என்ன மாத்தினீங்க?" என்ற எதிர்க்கேள்விதான் பதிலாக வரும். அது தெரிந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்!

அந்தக் கேள்விக்கு விடை தேடித் தருவதுதான் கிட் பைசெக்ட். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் ஒரு கட்டளை இது. ஓடாத கமிட் (பதிந்துவைத்த ஒரு மாற்றம்) ஒன்றை 'பேட்' என்றும், முன்பு ஓடியதை 'குட்' என்றும் சொன்னால், இரண்டுக்கும் நடுவிலுள்ளதை எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லப் பாதி பாதியாகக் கழியும். ஆயிரம் கமிட் என்றாலும் சுமார் பத்துச் சுற்றுதான்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் கையாலேயே செய்தேன். 'பைசெக்ட் ரன்' தெரிந்த பிறகு ஒரு ஸ்கிரிப்டிடம் விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறேன். ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோட் 0 என்றால் குட், 1 என்றால் பேட். பில்டே ஆகாத கமிட்டுக்கு 125 கொடுத்தால் அதைத் தாண்டிப் போகும். ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு (கிட் கவனிக்கும் ஃபோல்டருக்கு) வெளியே வையுங்கள். உள்ளே கமிட் செய்திருந்தால், பழைய கமிட்டுக்குப் போனதும் அதுவே காணாமல் போயிருக்கும்.

இது நன்றாகக் கைகொடுத்தது ஒரு பைத்தான் பக்கில். ஒரு ஃபங்ஷன் முதல் முறை சரியான விடை தரும். இரண்டாம் முறை பழைய தரவும் சேர்ந்து வரும். பைசெக்ட் காட்டிய கமிட்டில் மாறியிருந்தது நாலே வரி. அதில் ஒன்றில், 'நன்' (None, எதுவுமில்லை) என்றிருந்த டிஃபால்ட் மதிப்பை, அதாவது அழைக்கும்போது எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பை, யாரோ வெற்று லிஸ்டாக்கியிருந்தார்கள். எனக்கு அப்போதும் காரணம் பிடிபடவில்லை. அந்த நாலு வரியைக் காட்டித் தோழியிடம் கேட்டேன். "டிஃபால்ட் மதிப்பு ஃபங்ஷனை டிஃபைன் பண்றப்ப ஒரே தடவைதான் உருவாகும். எல்லா அழைப்புக்கும் அதே லிஸ்ட்தான்" என்றாள். முழு ஃபைலையும் அனுப்பியிருந்தால் திறந்தே பார்த்திருக்க மாட்டாள்.

குறைகளும் உண்டு. சில நேரம் மட்டும் தோற்கும் டெஸ்டை நம்பி ஓட்டினால் தொலைந்தோம். ஒரு சுற்றில் தவறான பதில் போனாலும் முடிவு எங்கோ போய் நிற்கும், எச்சரிக்கையும் வராது. ஒருமுறை அது காட்டியதை நம்பி சக ஊழியர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் அந்தக் கமிட்டில் மாற்றியிருந்தது ஒரு கமென்ட் வரி! இப்போதெல்லாம் அப்படிப்பட்ட டெஸ்டை ஒவ்வொரு கமிட்டிலும் பத்து முறை ஓட்டி, ஒருமுறை தோற்றாலும் பேட் என்கிறேன். இரண்டாயிரம் வரி மாற்றத்தை ஒரே கமிட்டாகப் போடும் குழுவுக்கு இந்தக் கருவியால் பெரிய பயனில்லை.

முடிந்ததும் 'பைசெக்ட் ரீசெட்' போட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்புங்கள். நான் மறந்துபோய், எந்தப் பிரான்சிலும் (கிளையிலும்) சேராத மூன்று கமிட் போட்டுவிட்டு, பிறகு ரீஃப்லாக்கில் (எந்தெந்தக் கமிட்டில் இருந்தோம் என்ற கிட்டின் பதிவேட்டில்) துழாவி மீட்டேன்.