வெள்ளை வி-கிராஸுக்குச் சாம்பல் நிற வினைல்: எட்டு மாதங்களுக்குப் பிறகு

வார நாட்களில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஓடுகிற என் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியின் வெள்ளை நிறம் அலுத்துவிட்டதால், கோவையில் ஒரு கடையில் பளபளப்பில்லாத சாம்பல் நிற வினைல் (பெயின்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டக் கொடுத்தேன். வண்டி 5 மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் காரைவிடக் கூடுதலான வினைல் பிடித்தது. நான்கு நாள் வேலைக்கு 90,000 ரூபாய் ஆயிற்று.

பானெட், கூரை, கதவுகள் ஆகியவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. கைப்பிடிகளைக் கழற்றி ஓரங்களை உள்ளே மடித்து ஒட்டியிருப்பதால், பெயின்ட் இல்லை என்பது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். (கதவைத் திறந்தால் மட்டும் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும், உட்புறத்தையும் ஒட்டக் கூடுதல் பணம் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன்.)

சிக்கல் டெயில்கேட்டில், அதாவது சரக்குத் தொட்டியின் பின்கதவில்தான். கைப்பிடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இழுத்து ஒட்டிய வினைல், வெயில் பட்டதும் பழைய வடிவத்துக்கே சுருங்க முயன்று, இரண்டே மாதத்தில் மேலெழும்பியது. ஒட்டியபின் அந்த இடத்தை நன்றாகச் சூடேற்றி நிலைப்படுத்தாததே காரணம் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்தார். ஆனால் தொட்டியின் மேல்விளிம்பில் உர மூட்டைகள் உரசிக் கிழித்த இடங்களுக்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. பாரம் ஏற்றும் வண்டியில் அந்த விளிம்புக்கு வினைல் ஒட்டாமல் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்க வேண்டும். ஆனாலும் கடைக்காரர் முன்பே அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

அதே கடையில் தொட்டிக்குள் தெளித்த பெட் லைனர் என்னும் பாதுகாப்புப் பூச்சுதான், அழகுக்காக நான் செலவழிக்காத ஒரே பணமும் வீணாகாத ஒரே பணமும். தனியாகப் பொருத்தும் பிளாஸ்டிக் லைனரின் அடியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்க வழியுண்டு. தெளிப்பு லைனர் உலோகத்தோடு ஒட்டிக்கொள்வதால் அந்தக் கவலை இல்லை.

2017 டிசம்பரில் மத்திய அரசு தடுத்த புல் பாரை (வண்டியின் முன்னால் பொருத்தும் உலோகத் தடுப்பு) நான் கேட்டபோது, பொருத்த மாட்டோம் என்று நேராகவே சொன்னது கடையின் மீது எனக்கு மதிப்பை ஏற்படுத்தியது. ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருப்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அதை நானாகத்தான் தெரிந்துகொண்டு செய்தேன். அடுத்த முறை பானெட்டையும் கதவுகளையும் இவர்களிடமே கொடுப்பேன், டெயில்கேட்டை வெள்ளையாகவே விட்டுவிடுவேன்.