மூளைக் கட்டியைச் சிவப்பாக ஒளிரச் செய்யும் மருந்து: ஒரு மதிப்பீடு

தீவிர வகைக் கிளையோமா எனப்படும் மூளைப் புற்றுநோயில், கட்டி எங்கே முடிகிறது என்பதை வெள்ளை விளக்கொளியில் கண்டறிவது தேர்ந்த அறுவை மருத்துவருக்கும் கடினம். 5-அமினோலெவுலினிக் அமிலம் என்னும் மருந்து இதற்கு வியப்பூட்டும் அளவுக்கு எளிய வழியைத் தருகிறது. மயக்க மருந்துக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால், புற்றுச் செல்கள் அதைப் புரோட்டோபார்ஃபிரின் என்னும் நிறமியாக மாற்றித் தேக்கிக்கொள்கின்றன. நுண்ணோக்கி வழியே நீல ஒளியைப் பாய்ச்சியதும் அவை சிவப்பாக ஒளிர்கின்றன.

2006-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுமையாக அகற்றப்பட்டவர்கள் இம்முறையில் 65 விழுக்காடு, வழக்கமான முறையில் 36 விழுக்காடு. நோய் முற்றாமல் 6 மாதங்களைக் கடந்தவர்களும் ஏறத்தாழ இருமடங்கு. எனினும், மொத்த ஆயுளில் அந்த ஆய்வு தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதை விளம்பரப் பேச்சில் மறந்துவிடக் கூடாது.

குறைகளும் உண்டு. நீல ஒளி திசுவுக்குள் ஆழமாக ஊடுருவாததால், ஒரு மெல்லிய இரத்தப் படலமே ஒளிர்வை மறைத்துவிடும். வீரியம் குறைந்த கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை. நோயாளி ஓரிரு நாள் கடும் வெளிச்சத்தைத் தவிர்க்க வேண்டும். அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியில் இயங்கும் பாஃபோலாசியானின் என்னும், வேறு புற்றுநோய் அறுவைகளில் பயன்படும் மற்றொரு ஒளிரும் மருந்து இன்னும் ஆழத்தில் உள்ளதைக் காட்டும். ஆனால் அதைக் கண்ணால் காண முடியாது, தனிக் கேமரா வேண்டும். மூளை அறுவையைப் பொறுத்தவரை என் தேர்வு, நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும் அந்தச் சிவப்பே.