பெட்டியைத் திருப்பி வை: மியூவான் கருவியோடு மூன்றரை வருடம்

"எக்ஸ்ரே மாதிரி உள்ளே இருப்பது தெரியுமா?" இந்தக் கருவியைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தெரியும். ஆனால் எக்ஸ்ரே எடுப்பவர் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்வதற்குள் வேலையை முடித்துவிடுவார். நான் ஒரே ஒரு படத்துக்காக நாற்பது நாள் ஒரு சுரங்கப்பாதைக்குப் போய்வந்திருக்கிறேன். மூன்றரை வருடம் இதோடு குடித்தனம் நடத்தியாயிற்று. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

துளைபோட்டுப் பார்க்கத் தயங்கும் இடங்களில் உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று சொல்வது எங்கள் வேலை. பழைய சுரங்கப்பாதைக் கூரைக்கு மேலே உள்ள பாறை, பல மீட்டர் தடிமனான கான்கிரீட், இப்படி. ரேடாரும் அல்ட்ராசவுண்டும் சில மீட்டரிலேயே களைத்துவிடும். அதற்கு அப்பால் பார்க்க, வானத்திலிருந்து இலவசமாக வருவதுதான் கைகொடுக்கும்.

விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அண்டக்கதிர்கள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்கருக்களோடு மோதிச் சிதறும்போது உண்டாகும் துகள் மியூவான். எலக்ட்ரானுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மின்னூட்டம், எடை மட்டும் சுமார் 207 மடங்கு. அந்த எடையால்தான் எலக்ட்ரானைப் போல வழியிலேயே ஆற்றலைக் கொட்டித் தீர்க்காமல் பாறைக்குள் புகுந்து வருகிறது. ஆயுளோ 2.2 மைக்ரோ நொடி. வேகமாக ஓடும் பொருளின் கடிகாரம் நமக்கு மெதுவாகத் தெரியும் என்று ஐன்ஸ்டைன் சொன்ன காலநீட்சி மட்டும் இல்லையென்றால் பெரும்பாலானவை தரையைத் தொடாமலே மடிந்திருக்கும். கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகின்றன. உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஒன்றாவது அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். வழியில் பொருள் அதிகம் இருந்தால் அதிகம் நின்றுபோகும். பொள்ளல் இருந்தால் கூடுதலாக வந்து சேரும். எந்தத் திசையிலிருந்து எத்தனை வந்தன என்று எண்ணுவதுதான் இந்தக் கருவியின் முழு வேலை.

என்னிடம் இருப்பது மூன்று தளம். ஒவ்வொன்றும் 80 செ.மீ. சதுரம், 5 செ.மீ. அகலச் சிண்டிலேட்டர் பட்டைகள் குறுக்கே 16, நெடுக்கே 16. துகள் புகுந்ததும் பட்டை மெல்ல மினுங்கும். உள்ளே ஓடும் ஒளியிழை அந்த வெளிச்சத்தை நுனிக்குக் கொண்டுபோகும். அங்கே ஒட்டியிருக்கும் சிலிக்கான் சென்சார் அதைப் பிடிக்கும். மூன்று தளமும் ஒரே சமயத்தில் மினுங்கினால்தான் கணக்கில் சேரும். மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் 1 மீட்டர் இடைவெளி. பட்டைக்கு ஒன்றாக மொத்தம் 96 சேனல். ஒவ்வொன்றின் குணமும் இப்போது எனக்கு மனப்பாடம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதிரியக்க மூலம் இல்லை, அதனால் அனுமதி, காவல், எச்சரிக்கைப் பலகை என்ற தலைவலி எதுவும் இல்லை. கருவி பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். பேட்டரியில் ஓடும், சத்தம் போடாது. பார்க்கப்படும் பொருளுக்கு ஒரு கீறல்கூட விழாது.

இனி பொறுமைக் கணக்கு. விற்பவர்கள் காட்டும் படங்களில் இந்தக் கணக்கு இருக்காது. திறந்த வெளியில் என் கருவி நொடிக்குச் சுமார் 20 மியூவான் பிடிக்கும். தலைக்கு மேலே 20 மீட்டர் பாறை இருந்தால் அது பத்தில் ஒன்றாகிவிடும், நொடிக்கு இரண்டு. அந்த இரண்டையும் நூற்றுக்கணக்கான திசைகளுக்குப் பங்கு போட வேண்டும். ஒரு திசையில் 1 சதவீதத் துல்லியம் வேண்டுமானால் 10,000 எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை, இதில் பேரம் கிடையாது. நட்டநடுவில் உள்ள திசைக்கே அது சேர இரண்டு வாரம் ஆகிறது. ஓரத்துத் திசைகளுக்கு மாதக்கணக்கு. பாதிப் பிழையோடு படம் வேண்டும் என்றால் நாலு மடங்கு நாள் காத்திருக்க வேண்டும் என்பதை மேலதிகாரிகளுக்குப் புரியவைக்க எனக்கு முதல் வருடம் முழுக்கப் போயிற்று.

தெளிவும் அதே கதைதான். 5 செ.மீ. பட்டை, 1 மீட்டர் இடைவெளி என்றால் திசையின் துல்லியம் ஏறக்குறைய 3 டிகிரி. 20 மீட்டர் தூரத்தில் அது 1 மீட்டர் கட்டம். கட்டத்தைவிடச் சின்னப் பொந்தைத் தேடாதீர்கள். 2 மீட்டர் பொள்ளல் இருந்தால் அந்தத் திசையில் எண்ணிக்கை 15 சதவீதம்வாக்கில் கூடும். அது கண்ணுக்குத் தெரியும்.

கூடுகிறது என்றால் எதைவிட? இங்கேதான் நான் சூடுபட்டேன்.

பாறைக்குள் எடுத்த எண்ணிக்கையைத் திறந்த வானத்தின் கீழ் எடுத்த எண்ணிக்கையால் வகுத்தால்தான் படம் வரும். வான ஓட்டம் என்போம். கருவியை மொட்டைமாடியில் வைத்துச் சும்மா ஓடவிடுவது. பார்க்க எதுவும் இல்லாததால் எல்லோருக்கும் அது வீண் நாளாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. முதல் பெரிய வேலைக்கு இரண்டே நாள் ஓட்டிவிட்டுக் கிளம்பினேன், அதுவும் நல்ல வெயிலில்.

சுரங்கப்பாதையில் ஐந்து வாரம். படத்தில் இடது மேல்மூலையில் பளிச்சென்று ஒரு திட்டு. சராசரியைவிட 6 சதவீதம் அதிகம், பிழை அளவையெல்லாம் தாண்டி நிற்கிறது. தளப் பொறியாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சார், துளை போட்டுடலாமா? மிஷின் நாளைக்கே வந்துடும்" என்றார். எனக்கும் வாய்வரை வந்துவிட்டது. என்ன தோன்றியதோ, "ஒரு வாரம் கொடுங்க" என்று கேட்டு, கருவியை இருந்த இடத்திலேயே 180 டிகிரி திருப்பி வைத்தோம். நாலு பேர் தூக்கித் திருப்ப ஒரு மணிநேரம் ஆயிற்று.

எட்டாம் நாள் படத்தைத் திறந்தால் திட்டு மலையின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. பாறையில் இருக்கும் பொந்து நான் திரும்பினால் கூடத் திரும்பாது. பெட்டியோடு சேர்ந்து திரும்பினால் அது பெட்டியின் நோய்.

காரணம் கண்டுபிடிக்க மேலும் மூன்று நாள். சிலிக்கான் சென்சாரின் பெருக்கம் வெப்பத்தோடு மாறும். சூடு ஏறினால் இறங்கும். மொட்டைமாடி வெயிலில், சென்சார்களை இணைக்கும் மின்னணு போர்டுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்திருக்கிறது. அதில் தொங்கிய பட்டைகள் துகள்களில் ஒரு பங்கைத் தவறவிட்டிருக்கின்றன. குளிர்ந்த சுரங்கத்துக்குள் வந்ததும் அவை தெளிந்துவிட்டன. வகுக்கும் எண் சிறுத்ததால் விடை பெருத்தது. மலையில் எதுவுமே இல்லை. மறுபடி மேலே போய், நிழலில், பத்து நாள் வான ஓட்டம் எடுத்தோம். திட்டு இருந்த சுவடே தெரியவில்லை.

அன்றிலிருந்து வான ஓட்டம் பத்து நாளுக்குக் குறைந்து நான் கிளம்புவதில்லை. பக்கத்தில் ஒரு வெப்பமானி, ஒரு காற்றழுத்தமானி. அழுத்தம் ஏறினால் தலைக்கு மேலே காற்று கனக்கிறது என்று அர்த்தம், மியூவான் குறையும்; திறந்த வெளியில் 10 ஹெக்டோபாஸ்கல் ஏறினால் 1, 2 சதவீதம் வரை போய்விடும். மழை மேகம் வந்து போனதை எண்ணிக்கையைப் பார்த்தே சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

"ஒன்றும் இல்லை" என்று அறிக்கை எழுதிக் கொடுக்கும்போது சிலர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு லூயிஸ் ஆல்வாரெஸ் கதையைச் சொல்வேன். நோபல் பரிசு வாங்கிய ஆள். எகிப்தில் காஃப்ரே பிரமிடுக்கு அடியில் உள்ள அறையில், துகள் போன தடத்தைத் தீப்பொறியாகக் காட்டும் ஸ்பார்க் சேம்பர்களை வைத்து மேலே பார்த்தார். 1970இல் வெளியிட்ட முடிவு: பார்த்த பகுதியில், அதாவது பிரமிடின் 19 சதவீதத்தில், ரகசிய அறை எதுவும் இல்லை. இல்லை என்று அடித்துச் சொல்ல முடிந்ததே பெரிய விஷயம். குஃபுவின் பெரிய பிரமிடில் 30 மீட்டராவது நீளமுள்ள வெற்றிடம் இருப்பதாக 2017இல் அறிவித்தவர்கள், துகளின் தடம் பதியும் எமல்ஷன் தகடு, சிண்டிலேட்டர், வாயுக் கருவி என மூன்று வேறு வகைகளில் பார்த்த பிறகே வாய் திறந்தார்கள். என்னிடம் ஒரே வகைதான் இருக்கிறது. அதனால் திருப்பி வைக்கிறேன்.

எங்களுக்கு உண்மையான பொள்ளல் ஒருமுறை அகப்பட்டது. நாற்பது நாள் ஓட்டத்தில் ஒரு பட்டை போல அதிக எண்ணிக்கை. திருப்பிய பிறகும் அசையவில்லை. ஆனால் ஒரே இடத்திலிருந்து எடுத்த படம், அந்தக் கோட்டில் மொத்தம் எவ்வளவு பொருள் என்றுதான் சொல்லும்; எந்த உயரத்தில் என்று சொல்லாது. கருவியை 12 மீட்டர் தள்ளி வைத்து இன்னொரு நாற்பது நாள். இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடத்தில் துளை போட்டார்கள். கல்லும் மண்ணும் போட்டு மூடிய பழைய செங்குத்துச் சுரங்கம். வெற்றிடம் அல்ல, உதிரி நிரப்பு. அறிக்கையில் நான் "அடர்த்திக் குறைவு" என்று மட்டும் எழுதியிருந்தது அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது.

சுரங்கத்துக்குள் மியூவான் எண்ணுவது புதிதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் என்பவர் 1955இலேயே ஒரு சுரங்கப்பாதைக்குள் துகள்களை எண்ணும் கைகர் கவுண்டரை வைத்து மேலே உள்ள சுமையை அளந்திருக்கிறார்.

கருவி பார்க்கும் பொருளுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மாற்ற முடியாத குறை. சாயச் சாய வரத்து குறையும். 60 டிகிரி சாய்வில் நேர்மேலிருந்து வருவதில் கால் பங்குதான். பக்கவாட்டில் பார்க்கவே முடியாது என்றில்லை. ஜப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2015இல் முதல் உலைக் கட்டடத்துக்கு வெளியே கருவிகளை நிறுத்தி, உலையின் மையத்தில் எரிபொருள் இல்லை, உருகி இறங்கிவிட்டது என்று காட்டினார்கள். யாரும் உள்ளே போக முடியாத இடம், கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர். காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உங்களுக்கு வேறு வழி இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

தேய்மானம் என்று பார்த்தால் கறுப்பு டேப்தான் முதல் எதிரி. மடிப்பில் ஊசிமுனை அளவு பிரிந்தால் போதும், வெளிச்சம் புகுந்து அந்தச் சேனல் பைத்தியம் போல எண்ணும். இருட்டில் டார்ச்சை மடிப்புகள் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது என் மாதாந்தர வேலை. ஈரப்பதத்தில் இரண்டு கனெக்டர் பச்சை பிடித்தது. ஒரு ஒளியிழை ஒட்டு விட்டது. சென்சார்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. கூடவே வந்த மென்பொருள் படத்தை அழகாக வழவழப்பாக்கித் தரும். அந்த வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள், இல்லாத பொந்துகளை அது வரைந்து தரும்.

மூடிய பெட்டிக்குள் ஈயம் இருக்கிறதா, யுரேனியம் இருக்கிறதா என்று பார்க்க இதே கருவி ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. அதற்கு எண்ணுவது போதாது, மியூவான் எவ்வளவு வளைந்து வெளியே வந்தது என்று பார்க்க வேண்டும். லாஸ் அலமோஸ் குழு 2003இல் ஒரு டங்ஸ்டன் உருளையை வைத்துச் செய்துகாட்டிய முறை அது. 10 செ.மீ. ஈயத்தில் சராசரி மியூவான் 1 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும், அதே அளவு இரும்பில் அதில் பாதி, கான்கிரீட்டில் இன்னும் சொற்பம். அந்தச் சின்னக் கோணத்தைப் பிடிக்கப் பொருளுக்கு மேலும் கீழும் மில்லிமீட்டர் துல்லியமுள்ள தளங்கள் வேண்டும். என் 5 செ.மீ. பட்டை அங்கே குருடு. அதற்குப் பதில் நிமிடங்களில் விடை வரும் என்பது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

போன வாரம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பையன், "அண்ணா, வானத்தையே எத்தனை நாள் எண்ணுவது?" என்று கேட்டான். கருவி மாடியில், தகரக் கூரையின் நிழலில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றோடு ஒன்பது நாள். 41ஆம் சேனலில் எண்ணிக்கை லேசாக ஏறுகிறது, எங்கோ வெளிச்சம் புகுகிறது போல; நாளைக்கு டார்ச்சோடு மேலே போக வேண்டும்.