ஷவர்ல சுடுதண்ணி சரியா வரல: பம்ப் போடலாமா, உப்பு எடுக்கலாமா?

தர்மபுரில நம்ம வீட்டு ஷவர்ல பச்சத்தண்ணி பீச்சி அடிக்கும், சுடுதண்ணி நூல் மாதிரி வரும், பிளம்பர் பிரஷர் பம்ப் போடுங்கன்னாரு, எங்க மாமா மொதல்ல கீசர் உப்ப எடுப்பான்னாரு.

பம்ப் நல்லதுதான், டேங்க் தண்ணி ஷவர விட 10 அடி உயரத்துல இருந்தா கெடைக்கற பிரஷர் வெறும் 0.3 பார் தான் (பார்ங்கறது பிரஷர அளக்கற அளவு), ரெண்டு பைப்புலயும் தண்ணி மெதுவா வர்ற வீட்டுக்கு பம்ப் தான் வழி. ஆனா ஒரு பக்கம் மட்டும் கம்மின்னா பம்ப் ரெண்டையும் சேத்துத்தான் தள்ளும், அந்த வித்தியாசம் அப்படியே நிக்கும். பச்சத்தண்ணி லைன்ல மட்டும் போட்டுடாதீங்க, இன்னும் மோசமாயிடும். கீசர் எத்தன பார் தாங்கும்னு அதோட ஸ்டிக்கர்லயே இருக்கும், பாத்துட்டு வாங்குங்க.

உப்பு விஷயம் வேற. நம்மூரு போர் தண்ணிய காய்ச்சினா பாத்திரத்துல வெள்ளையா படியுமில்ல, அதேதான் கீசர் உள்ளயும், சூடாகுற எடத்துலதான் படியும், அதனாலதான் சுடுதண்ணி பக்கம் மட்டும் அடைக்குது. எங்க வீட்ல கீசர்லருந்து வெளிய வர்ற பைப்ப கழட்டி பாத்தா பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்ட இருந்துச்சு, உள்ள சுண்ணாம்பு கட்டி.

அதனால என் ஓட்டு உப்பு எடுக்கறதுக்குத்தான். கரண்ட ஆஃப் பண்ணி, தண்ணி ஆறினப்புறம் ஆள வெச்சு கழட்டுங்க, ஷவர் தலைய வினிகர்ல ஊற வைங்க. ஒகேனக்கல் குடிநீர் வர்ற வீட்டுலயும் குளிக்க போர் தண்ணிதான்னா இதேதான்.